ஒரு பீப், நாலு டப்பா

முன்பெல்லாம் சின்னவள் அந்தப் பெரிய கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். இப்போது நின்றுகொண்டு பார்க்கிறாள். கேட்டால் பதவி உயர்வு என்றார்கள். பில் போடுகிற பெண்ணாக இருந்தவளை உதவி மேற்பார்வையாளர் ஆக்கி, கழுத்தில் புது அட்டை ஒன்றை மாட்டிவிட்டு, நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்கள். சம்பளம் மட்டும் பழைய இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

வேலை சொல்லும்படியாக ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு மெஷின்கள். வாங்க வருகிறவர்களே பொருளை எடுத்துக் கண்ணாடி மேல் காட்ட வேண்டும். மெஷின் பீப் என்று கத்தும். பிறகு பொருளைப் பக்கத்துத் தட்டில் விரித்த பைக்குள் போட வேண்டும். அந்தத் தட்டு சும்மா இருக்காது, எடை பார்க்கும். கத்தியதற்கும் பைக்குள் விழுந்ததற்கும் கணக்கு ஒத்துவராவிட்டால், எடை நிலைத்து ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துச் சிவப்பு விளக்கு எரியும். "உதவியாளருக்காகக் காத்திருக்கவும்" என்று ஒரு பெண் குரல் கூப்பிடும். அந்தக் குரலுக்கு ஒரு நாளும் சளி பிடித்ததில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டதும் இல்லை. அதனால்தான் அதை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார்கள்.

அனுப்பப்பட்டவர்களில் பெரியவளும் ஒருத்தி.

பெரியவள் என்றால் சின்னவளின் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வீடுதான், கீழே பெரியவள் குடும்பம், மேலே சின்னவள் குடும்பம். சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில், "வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு என்ன பண்ணப் போற, வா" என்று கடைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதும் பெரியவள்தான். இரண்டு பேரும் அடுத்தடுத்த கவுண்டரில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் போட்ட சண்டையின் பாக்கியைக் கடையில் போடுவார்கள். கடையில் முடியாததை வீட்டுக்குக் கொண்டு போவார்கள். மொத்தத்தில் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பில் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் நாலு சோப்பு வாங்கினால் நாலையும் காட்ட மாட்டார்கள். ஒன்றைக் காட்டிவிட்டு, "நாலு" என்று வாய்விட்டுச் சொல்லி, எண்ணைத் தட்டிவிட்டு, நாலையும் ஒரேயடியாக வாரிப் பைக்குள் தள்ளிவிடுவார்கள். சத்தமாகச் சொல்வது கடைச் சட்டம். சொல்லாமல் தட்டினால், "நான் மூணுதான் எடுத்தேன், நீ நாலு போட்டுட்ட" என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள். சாயங்காலக் கூட்டத்தில் எல்லாக் கவுண்டரிலும் "ரெண்டு!", "ஆறு!", "மூணு!" என்று கத்துவதைக் கேட்டால் கடையை ஏலம் விடுகிறார்களோ என்றிருக்கும். புது மெஷினில் எண் தட்ட இடமே கிடையாது. ஒவ்வொன்றாகத்தான் காட்ட வேண்டும்.

மெஷின் வந்த அன்று மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். வெயிலோ மழையோ கழுத்தில் டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால், கடையில் அவருக்கு டை என்றே பெயர். செலவு குறையும், விலை குறையும், கூட்டம் பெருகும், எல்லோருக்கும் நல்லது என்றார் டை. செலவு குறைந்தது. விலை குறைந்ததாகச் சின்னவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அவள் நிற்கிற மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். முதலில் தள்ளுவண்டியோடு வந்தவர்கள் கூடையோடு வந்தார்கள். பிறகு கூடையையும் விட்டுவிட்டு இரண்டு கைகளில் பிடிக்கிற அளவுக்கு வாங்கினார்கள். இதில் என்ன அதிசயம்? கடையை விட்டு அனுப்பிய பெண்கள் எல்லோரும் வேலை முடிந்து போகும்போது இதே கடையில் பை நிறைய வாங்கிக்கொண்டு போனவர்கள். கடை மட்டுமா? குளிர்பான ஆலையில் மெஷின் வந்தது. அங்கே மூட்டை தூக்கிய பெரியவளின் வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. குடோனிலும் மெஷின், பேங்கிலும் மெஷின். ஒவ்வொரு முதலாளியும் தன் ஆட்களின் சம்பளத்தை மட்டும்தான் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டார். தன் ஆள்தான் அடுத்தவன் கடைக்கு வாடிக்கை என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சின்னவளின் வீட்டுக்காரர் பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் இப்போது யாரும் டயர் மாற்றுவதில்லை, பஞ்சர் மட்டும் ஒட்டுகிறார்கள், அதையும் கடன் சொல்லி. இரண்டு அடுப்புக்கும் நிலையாக வருகிற பணம் என்றால் அது சின்னவளின் சம்பளம் ஒன்றுதான்.

விற்பனை படுத்ததும் ஹெட் ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான்: ஜனங்கள் திருடுகிறார்கள். காசில்லாமல் வாங்காமல் போகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்வதைவிட இது சுலபமாக இருந்திருக்க வேண்டும். உடனே உத்தரவு வந்தது. வாரத்துக்கு மூன்று கேஸாவது பிடித்தாக வேண்டும். பிடிபட்டவர் படம் கடை வாசலில் தொங்கும். அதே படம் ஊரில் இருக்கிற மற்ற கடைகளுக்கும் போகும். மேற்பார்வையாளர் மூன்று பிடிக்கவில்லை என்றால் அவள் எதற்கு?

சின்னவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அந்த வாரம் இரண்டு பேரைப் பிடித்தாள். ஒருவர் ஷேவிங் பிளேடு. இன்னொருத்தி தலைவலித் தைலம். இரண்டு பேர் முகமும் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டில் வந்து நின்றது. மூன்றாவது ஆள் சனிக்கிழமை கடை மூடுவதற்குள் கிடைக்க வேண்டும் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் புலம்பினாள். கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெரியவள் கேட்டுக்கொண்டாள்.

வேலை போனதிலிருந்து பெரியவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. சின்னவளின் ஒரு வயதுப் பிள்ளையைப் பகலெல்லாம் வைத்துக்கொள்வதே அவள்தான். பிள்ளைக்கும் பெரியம்மா இடுப்பை விட்டு இறங்க மனசு வராது. வேலையில் இருந்தவரை மாதம் பிறந்ததும் நாலு டப்பா பால் பவுடர் வாங்கி வந்து மாடிப்படியில் வைத்துவிட்டு, "உன் பிள்ளைக்கு இல்ல, என் பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். வேலை போன பிறகும் இரண்டு மாதம் அக்கம்பக்கத்தாரிடம் காசு கொடுத்தனுப்பி எப்படியோ வாங்கிவிட்டாள். சின்னவள் ஒரு தடவை, "இனிமே நான் வாங்கிக்கிறேன்க்கா" என்றாள். பெரியவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு யார் அந்தப் பேச்சை எடுப்பார்கள்?

இப்போதுதான் பெரியவளுக்கு ஒரு வழி பிறந்திருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் இன்னும் மெஷின் வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பில் போட வரச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம். கடையில் ஈ ஓட்டுகிற நேரம். மூன்றாவது மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சின்னவள் திரையைப் பார்த்தாள். மெஷின் பிடித்த படம் ஓடியது. ஒரு கை ஒரு பால் பவுடர் டப்பாவைக் கண்ணாடி மேல் காட்டுகிறது. பீப். அதே கை இன்னும் மூன்று டப்பாக்களை ஒரேயடியாக வாரிப் பைக்குள் தள்ளுகிறது. படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள், அனுமதி ஒன்று, புகார் ஒன்று. மூன்றாவது கேஸ் கிடைத்துவிட்டது என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. அந்தத் துள்ளலை நினைத்து அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். மெஷினுக்கு முன்னால் பெரியவள் நின்றாள்.

வேலையை விட்டு அனுப்பிய நாளிலிருந்து பெரியவள் இந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். பிள்ளை குடிக்கிற பால் பவுடர் இங்கே மட்டும்தான் கிடைக்கும், மாதமும் பிறந்துவிட்டது என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். பெரியவள் அவளைப் பார்க்கவில்லை, டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனுமதிப் பொத்தானை அழுத்த விரல் போகும்போதே பின்னால் டையின் குரல் கேட்டது. கண்ணாடி அறையில் அவருக்கும் இதே படம் ஓடும்.

"என்னம்மா, கேஸா?"

"இல்ல சார், பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஒரு பீப், நாலு டப்பா. இதுல பாக்க என்ன இருக்கு?" என்றவர் மெஷின் பக்கம் திரும்பினார். ஆளைப் பார்த்ததும் அவருக்கும் ஒரு கணம் சங்கடமாகத்தான் இருந்தது. அடுத்த கணம் சனிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. "என்னம்மா இது? இங்க வேலை பாத்தவங்களே இப்படிப் பண்ணலாமா?"

பெரியவள் வாயைத் திறக்கவில்லை. எதிர்க்கடைக்காரனையே பேச்சில் ஓட ஓட விரட்டுகிறவள், சிலை மாதிரி நின்றாள். பின்னால் நின்ற ஒருவர், "சீக்கிரம் முடிங்கப்பா" என்றார். இன்னொருவர் எட்டிப் பார்த்தார். டை செல்போனை எடுத்தார், வாசலில் தொங்கவிடப் படம் பிடிக்க.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் சின்னவள். தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "அவங்க எண்ணிக்கை சொன்னாங்க சார்."

"என்ன எண்ணிக்கை?"

"'நாலு'ன்னு சொன்னாங்க. நாங்க பில் போட்டப்ப அப்படித்தானே சார்? ஒண்ணைக் காட்டிட்டு, எத்தனைன்னு வாய்விட்டுச் சொல்லி, எல்லாத்தையும் பைக்குள்ள தள்ளுவோம். எத்தனை வருஷப் பழக்கம்! கை தானா பண்ணிடுச்சு. திருட வந்தவங்க எண்ணிக்கையைக் கத்திச் சொல்லிட்டா திருடுவாங்க?"

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் கேட்கவில்லை. கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கவும் முடியாது. ஆனால் பெரியவள் சொல்லியிருப்பாள் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. உண்மை என்று நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"மெஷின்ல சத்தம் பதிவாகாது" என்றார் டை. "இவங்க உனக்குச் சொந்தம்தானே?"

"என் ஓரகத்தி சார்."

"அப்ப ஒண்ணு பண்ணு. உன் நம்பரைப் போட்டு நீயே அனுமதி குடு. ஹெட் ஆபீஸ்ல படத்தைப் பாத்துட்டுக் கேட்டாங்கன்னா நான் பொறுப்பில்ல, நீதான் பதில் சொல்லணும். திருட்டுக்கு உடந்தைன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா வாசல்ல ரெண்டு படம் தொங்கும். யோசிச்சுக்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லலாம். சொல்கிறவருக்குச் சுலபம். சின்னவளுக்கு அந்தச் சில நொடிகளில் மேல் வீடும் கீழ் வீடும், பிள்ளையும், பஞ்சர் ஒட்டுகிற புருஷனும், வெளியூரில் படிக்கிற பெரியவளின் மகனும் கண் முன்னால் வந்து வரிசையில் நின்றார்கள். முதல் தடவை எண்ணைத் தப்பாகத் தட்டினாள். இரண்டாவது தடவை சரியாகத் தட்டி, மேற்பார்வையாளர் மட்டும் மாற்றக்கூடிய எண்ணிக்கையை நாலாக்கி, அனுமதியை அழுத்தினாள்.

சிவப்பு அணைந்தது. "நான்கு பொருட்கள். பணம் செலுத்தவும்" என்றது சளி பிடிக்காத குரல்.

பெரியவள் பைக்குள் கையை விட்டு மூன்று டப்பாக்களை எடுத்து ஒவ்வொன்றாக ஓரத்தில் வைத்தாள். "ஒண்ணு போதும்" என்றாள். சின்னவள் கணக்கில் மூன்றைக் கழித்தாள். பெரியவள் ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டினாள். யாரையும் பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

டை அந்த மூன்று டப்பாக்களையும் முறைத்துப் பார்த்தார். "கை பழக்கம்னா ஏன் திருப்பி வைக்கணும்?"

"விலையைப் பாத்துட்டு வச்சிருப்பாங்க சார். எல்லாரும்தான் வைக்கிறாங்க." மேடைக்கு அடியில் இருந்த கூடையைக் காலால் தள்ளிக் காட்டினாள். மொத்தத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் விட்டுப்போன எண்ணெய், பிஸ்கட், ஷாம்பூ எல்லாம் அதில் வழிந்தன. டை கூடையைப் பார்த்தார், பிறகு தன் செல்போனைப் பார்த்தார். "நாளைக்கு ஒண்ணு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள் மூன்று டப்பாக்களையும் அலமாரிக்குக் கொண்டு போனாள். அங்கே வைக்க இடம் இல்லை. முன்வரிசை டப்பாக்களின் தலையில் தூசி படிந்திருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். புது டப்பா படியில் இருந்தது. சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"ஏன்டி பொய் சொன்ன?" என்றாள் பெரியவள்.

"எது பொய்? பாட்டுச் சத்தத்துல கேக்கலதான். ஆனா நீங்க நாலுன்னு சொன்னீங்கள்ல?"

"சொல்லல."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"கையில ஒரு டப்பாவுக்குத்தான் காசு இருந்துச்சு. தெரிஞ்சுதான் நாலு எடுத்தேன். மாட்டினா, பழைய பழக்கம், கை தவறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்னு போற வழியெல்லாம் எனக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். சிவப்பு எரிஞ்சதும் வாய் வரல. அந்தப் பொய் என் வாயில வரல. நீ எனக்கு முன்னாடி அதையே சொல்லிட்ட."

சின்னவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என் வேலை போயிருந்தா?"

"ரெண்டு அடுப்பும் அணைஞ்சிருக்கும். தெரியும்."

"திங்கக்கிழமை மருந்துக் கடைக்கு எந்த மூஞ்சியோட போயிருப்பீங்க?"

"தெரியும்டி."

"எல்லாம் தெரியுதுல்ல, அப்புறம் ஏன்க்கா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வாங்கிட்டு வந்திருக்க மாட்டேனா?"

பெரியவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். "அதுதான் வேணாம்னு இருந்துச்சு. நான் வாங்கிக் குடுத்த டப்பா அது. வேலைதான் போச்சு, பெரியம்மா போயிடலன்னு இவனுக்குக் காட்டணும்னு ஒரு வெறி. இவனுக்கு என்ன தெரியும், எனக்குக் காட்டிக்கத்தான்." அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

சின்னவளின் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாசலில் இரண்டு பேரைத் தொங்கவிட்டாளே, ஷேவிங் பிளேடு, தலைவலித் தைலம், அவர்களுக்கும் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஒரு பொய் இருந்திருக்கும், அது வாய்க்கு வராமல் நின்றிருக்கும் என்று நினைத்தாள். அவர்களுக்காக முன்னால் வந்து சொல்ல யாரும் இல்லை.

"நாளைக்கு இன்னொருத்தர் வேணும்ல உனக்கு?" என்றாள் பெரியவள் மூக்கைச் சிந்திவிட்டு. "பிடிப்பியா?"

சின்னவள் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

சனிக்கிழமை கடை மூடுகிற நேரம் நெருங்கியது. மூன்றாவது கேஸ் இன்னும் கிடைக்கவில்லை. டை கண்ணாடி அறைக்குள் உட்காராமல் நின்றுகொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது மெஷினுக்கு ஒரு ஆள் வந்தார். குளிர்பான ஆலைச் சட்டை போட்டிருந்தார். நெஞ்சில் இருந்த ஆலையின் பேர் வெளுத்துப்போயிருந்தது. ஒரு சோப்பைக் கண்ணாடி மேல் காட்டினார். பீப். இன்னொரு சோப்பு உள்ளங்கையிலிருந்து சத்தமில்லாமல் பைக்குள் இறங்கியது.

எடை நிலைக்க ஒரு மூச்சு நேரம் ஆகும். சும்மா நின்றாலே போதும், மெஷின் பிடித்துக் கொடுத்துவிடும்.

"ரெண்டு!" என்று கத்தினாள் சின்னவள்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கவுண்டர்கள் இருந்த காலத்தில் எப்படிக் கத்துவாளோ அதே கத்தல். அந்த ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று பைக்குள் கைவிட்டு இரண்டாவது சோப்பை எடுத்தார். கண்ணாடி மேல் காட்டினார். பீப். சிவப்பு எரியவில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. காசை எண்ணிப் போட்டுவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

கண்ணாடி அறையின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டையின் செருப்புச் சத்தம் மேடையை நோக்கி வந்தது. சின்னவள் திரும்பவில்லை. இரண்டாவது மெஷினில் ஒரு பெண் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள்.

"ஒண்ணு!" என்றாள் சின்னவள்.